அவை அங்கே என்ன செய்துகொண்டிருந்தன?

அக்காவின் பயாப்சி அறிக்கை மூன்று பக்கம். முதல் பக்கத்தின் கடைசி வரியைப் படித்ததுமே வீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்துவிட்டோம். மற்ற இரண்டு பக்கங்களை யாரும் புரட்டவில்லை. முதல் கீமோ முடிந்து, வாந்தி நின்ற ஒரு மாலையில் அக்காதான் அதைக் கையில் எடுத்தாள். அவள் கணக்கு ஆசிரியை. எந்தத் தாளையும் கடைசி வரிவரை பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள். ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டு என்னிடம் நீட்டினாள். கட்டியைச் சுற்றியுள்ள திசுவில் லிம்போசைட்டுகள் 10 சதவீதம் என்று அதில் இருந்தது.

"லிம்போசைட்னா வெள்ளையணுதானே? நோய எதிர்க்கிறது?"

"ஆமாக்கா."

"நூத்துக்குப் பத்தா? ஃபெயில்தான்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா நம்ம ஆளுங்க அங்கேயே இருந்திருக்காங்கடி. இருந்து என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

நான் தமிழ் படித்தவள். என் முனைவர் பட்ட ஆய்வு சங்கப் பாடல்களின் உவமைகள் பற்றியது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் வேறொரு பதில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவள் உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை என்பதுதான் அது. கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல் எங்கள் தெருவில் உப்பு, புளி மாதிரிப் புழங்குகிறது. செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், காலையில் வெறும் காபியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம், இரவில் எல்லோரும் சாப்பிட்டபின் பாத்திரத்தில் மிஞ்சியது. இப்படி இருந்தால் உடம்பில் என்ன இருக்கும் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்களும் தலையாட்டினார்கள். நானும் சொன்னேன். "நீ உன்னப் பாத்துக்கவே இல்லக்கா." அன்போடு சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். அக்கா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

முதலில் தெரிந்துகொண்டது எளிய செய்தி. எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே குறைந்துபோனவர்கள் உலகில் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி அதற்காக மருந்து சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறதா என்று பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வந்தது. வைரஸ்களோடு தொடர்புள்ள புற்றுகள் இரு தரப்பிலும் அதிகம்: கபோசி சார்கோமா, லிம்போமா, கருப்பை வாய்ப் புற்று. மார்பகப் புற்று அதிகரிக்கவில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் அக்காவுக்கு இது வந்தது என்றால், அவர்களுக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

பெண்ணின் மார்பில் கட்டி வந்தால் பழியை அவள்மீதே வைப்பது எங்கள் தெருவின் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கேலன், உடலில் கருப்புப் பித்தம் மிகுந்ததால் புற்று வருகிறது என்றும், மனச்சோர்வுள்ள பெண்களுக்கு அது அதிகம் என்றும் நம்பினார். அவருடைய பித்தக் கணக்கு 1,000 ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவத்தில் நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் ராமசினி, கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்று அதிகம் என்று எழுதினார். அது சரியான கவனிப்புதான். பிள்ளை பெறாத உடலின் ஹார்மோன் கணக்கு வேறு என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அப்படிப்பட்ட கவனிப்புகள் பெண்ணிடம் வந்து சேரும்போது குற்றச்சாட்டாகத்தான் வந்து சேருகின்றன. இருபதாம் நூற்றாண்டில் பித்தத்தின் இடத்தில் 'அடக்கிவைத்த உணர்ச்சி' வந்தது. மனத்தில் போட்டுப் புழுங்கியதால் புற்று என்றார்கள். 1975இல் மார்பகப் புற்று கண்டறியப்பட்டு அறுவைக்கு உள்ளான சூசன் சாண்டாக், 1978இல் இதற்கு எதிராகவே ஒரு புத்தகம் எழுதினார். நோயை உருவகமாக்குவது நோயாளியைத் தண்டிக்கிறது என்பது அவர் வாதம். தன் நோயைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆட்ரி லார்ட் எதிர்ப் பக்கத்தில் நின்றார். மார்பை இழந்தபின் தன்னை ஆப்பிரிக்கப் பெண் போர்வீரர்களின் வரிசையில் வைத்துக்கொண்டார், செயற்கை மார்பை மறுத்தார். எனக்கு இருவரும் வேண்டும். உருவகமே இல்லாமல் பேசு என்று ஒரு கவிஞரிடம் சொன்னால் அவள் எங்கே போவாள்?

பித்தமும் உணர்ச்சியும் போன இடத்துக்கு வந்ததுதான் இந்த 'எதிர்ப்பு சக்தி'. அதற்கும் ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு. 1909இல் பால் எர்லிக், உடலின் காவல் இல்லாவிட்டால் புற்றுகள் இன்னும் எத்தனையோ மடங்கு தோன்றும் என்று ஊகித்தார். 1950களில் லூயிஸ் தாமசும் மக்ஃபார்லேன் பர்னெட்டும் அதைக் 'கண்காணிப்பு' என்ற கோட்பாடாக வளர்த்தார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் காவல் என்று ஒரு படத்தை வரைந்துவிட்டால், திருட்டு நடந்த வீட்டில் காவல்காரன் தூங்கிவிட்டான் என்றுதானே முடிவாகும்? காவல்காரனைப் பட்டினி போட்டது யார் என்று அடுத்த கேள்வி. அது நேராக அக்காவின் விரதத்தில் வந்து நிற்கும்.

மருத்துவர்களின் கண் வெகுகாலம் கட்டியின் மேல் மட்டும் இருந்தது. சுற்றுப்புறத்தின் மேல் இல்லை. கட்டி என்றால் எதிரி, எதிரி என்றால் வெட்டு. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு நெப்போலியனின் படை மருத்துவர் லாரே மார்பை அறுத்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். குடிக்க மதுக் கலவை கொடுத்தார்கள், முகத்தில் ஒரு மெல்லிய துணியைப் போட்டார்கள். அந்தத் துணி வழியாகக் கத்தியின் பளபளப்பைக்கூட அவர் பார்த்தார். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, எழுதுவதற்கே நடுங்கி, கடைசியில் அக்கா எஸ்தருக்கு ஒரு நீண்ட கடிதமாக அதை எழுதினார். அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அது புற்றுதானா என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது. தங்கை அக்காவுக்கு எழுதிய கடிதம் என்பதால் நான் அதை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை முடியவில்லை.

மயக்க மருந்து வந்தபின் வெட்டு குறையவில்லை, பெருகியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்சின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் 50 அறுவைகளின் கணக்கை வெளியிட்டார். மார்பு, அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள், எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுப்பது அவர் முறை. ராடிகல் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு வேர் என்று பொருள். வேரோடு களைந்தால் திரும்பி முளைக்காது என்பது நம்பிக்கை. நெஞ்சு குழிந்து, விலா எலும்புகள் தோலோடு ஒட்டி, நிணநீர் போக வழியில்லாமல் கை வீங்கிப்போன பெண்கள் ஆயிரமாயிரம். நிணநீர் முடிச்சுகள் எதிர்ப்பு செல்களின் ஊர்கள். அவற்றை எதிரி கடந்துபோன ரயில் நிலையங்களாக மட்டுமே அந்தக் காலம் பார்த்தது.

இதைக் கேள்வி கேட்டவர்களில் ஒரு பெண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ரோஸ் குஷ்னர், பத்திரிகையாளர். 1974இல் மார்பில் கட்டி. அன்றைய வழக்கம் இப்படி: மயக்கம் கொடுத்து, கட்டியிலிருந்து துணுக்கு எடுத்து, மேசையிலேயே சோதித்து, புற்று என்றால் அப்போதே மார்பை எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போது தன் நெஞ்சில் கைவைத்துத்தான் அவள் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். குஷ்னர் மறுத்தார். முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், மற்றதை நான் முடிவு செய்கிறேன் என்றார். அதற்கு ஒப்புக்கொள்ளும் மருத்துவரைத் தேட அவருக்கு அலைச்சல் ஆயிற்று. அடுத்த ஆண்டே புத்தகம் எழுதினார், கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டார். 1979இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவர் இடம்பெற்றார். ஹால்ஸ்டெட் அறுவை இனி வழக்கமான சிகிச்சை இல்லை என்று அந்தக் குழு சொன்னது. இன்னொரு பக்கம் பெர்னார்ட் ஃபிஷர் 1971 முதல் 1,600க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டுச் சோதனை, பெரிய வெட்டு கூடுதல் ஆயுளைத் தரவில்லை என்று காட்டியது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வேறுபாடில்லை என்று 1985இல் அடுத்த சோதனை சொன்னது. வேர் அங்கே இருக்கவில்லை. அல்லது அங்கே மட்டும் இருக்கவில்லை.

பின் எங்கே என்ற கேள்விக்கு ஒரு பழைய குறிப்பு காத்திருந்தது. 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்தார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் ஓடுகிறது, ஆனால் புற்று கல்லீரலுக்கும் சில எலும்புகளுக்கும் போகிறது, மண்ணீரலுக்கு அரிதாகவே போகிறது. விதை எல்லாத் திசையிலும் பறக்கலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று விளக்கினார். விதையும் மண்ணும் என்றால் பெண்ணியம் படித்தவர்களுக்கு உடனே வேறொன்று நினைவுக்கு வரும். ஆண் விதை, பெண் வெறும் நிலம் என்று நம் சாதிய சமூகம் சொல்லிவந்ததை மானிடவியலாளர் லீலா துபே ஆராய்ந்திருக்கிறார். அங்கே மண்ணுக்குக் குரல் இல்லை. பேஜட்டிடம் மண்தான் தீர்மானிக்கிறது. விதையை ஆராய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மண்ணையும் பாருங்கள் என்பதே அவர் சொல்லவந்தது. ஏறத்தாழ 100 ஆண்டுகள் அதற்குப் பெரிதாகச் செவிகொடுத்தவர் இல்லை.

மண்ணில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட அதற்கு முன்பே தெரிந்திருந்தது. கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை 1863இல் ஜெர்மனியில் ருடால்ஃப் ஃபிர்கோ கவனித்தார். ஆறாத அழற்சியிலிருந்து புற்று எழக்கூடும் என்று நினைத்தார். 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் இல்யா மெச்னிகாஃப், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். ரோஜா முள்ளைக் குஞ்சின் உடம்பில் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், நகரும் செல்கள் கூடி முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்த வகைச் செல்களில் பெரியவற்றுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர் வைத்தார், கிரேக்கத்தில் பெருந்தீனிக்காரர் என்று பொருள். கிருமியைத் தின்னும், செத்த செல்லைத் தின்னும், காயத்தைத் துப்புரவு செய்யும். 1908இல் நோபல் பரிசு எர்லிக்கோடு இவருக்கும் கிடைத்தது. அது முதல் மேக்ரோஃபேஜ் என்றால் நம் பக்கத்துப் போர்வீரன். கட்டிக்குள் அதைப் பார்த்தவர்கள் சண்டை நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்கள். சண்டை போடுகிறவர்கள் எண்ணிக்கையில் இத்தனை அதிகமா? சில மார்பகக் கட்டிகளின் எடையில் பாதிவரை இந்தச் செல்களே. பாதி இடம் நம் படையாக இருந்தும் கட்டி வளர்கிறது. இது என்ன சண்டை?

இதற்கு விடை கிடைக்க, மார்பு என்பது என்ன உறுப்பு என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் குறைவு. கவிதையிலும் சினிமாவிலும் அதைப் பார்க்காத ஆண் இல்லை. ஆனால் அதன் வேலை என்ன என்று சொல்லச் சொன்னால் பால் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நம் உடம்பில் இதயம் போன்றவை பிறக்கும்போதே பெரும்பாலும் கட்டி முடிந்த வீடுகள். மார்பு அப்படியில்லை. பருவம் எய்தும்போதுதான் அதன் குழாய்கள் கிளைவிட்டுக் கொழுப்புத் திசுவுக்குள் பரவுகின்றன. கர்ப்பத்தில் பால் சுரப்பிகள் கொத்துக்கொத்தாக உருவாகின்றன. பால் குடி மறந்ததும், அந்தச் சுரப்பிகளின் செல்கள் பெருமளவில் செத்து, மார்பு ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த பிள்ளைக்கு மறுபடி முதலிலிருந்து. வாழ்நாள் முழுக்கக் கட்டுவதும் இடிப்பதுமாக இருக்கும் இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டாமா?

நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜெஃப்ரி பொல்லார்டின் ஆய்வகம் 2000இல் ஒன்றைக் காட்டியது. மார்பு வளரும்போது குழாய்களின் மொட்டு போன்ற முனைகளைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கூடுகின்றன. அவற்றை வரவழைக்கும் சிஎஸ்எஃப்-1 என்ற புரதம் இல்லாத எலிகளில் குழாய்கள் சரியாகக் கிளைப்பதில்லை. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் வலேரி கூவோன்-எவான்ஸ் என்ற பெண். கிருமி இல்லை, காயம் இல்லை, எதிரி இல்லை. ஆனாலும் அவை வருகின்றன, ஏனென்றால் அங்கே கட்டட வேலை நடக்கிறது. பால் மறந்த மார்பிலும் இதே கதை. செத்த செல்களை அள்ளி, இடத்தைச் சீர்செய்ய மேக்ரோஃபேஜ்கள் திரளாக வருகின்றன. ஆறும் காயத்தில் இருப்பது போன்ற சூழல் சில நாள் நிலவுகிறது. பிரசவத்துக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் புற்று ஏன் வேகமாகப் பரவுகிறது என்பதற்கு இந்தத் துப்புரவுக் காலம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் பெப்பர் ஷெடினின் குழு காட்டிவந்திருக்கிறது. இதைப் படித்து யாரும் பாலூட்டவோ நிறுத்தவோ பயப்பட வேண்டாம். நீண்ட கால அளவில் பாலூட்டுவது மார்பகப் புற்றின் வாய்ப்பைக் குறைக்கவே செய்கிறது.

அடுத்த ஆண்டு, 2001இல், அதே ஆய்வகத்திலிருந்து எலைன் லின்னை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வந்தது. நான் படித்த அறிவியல் கட்டுரைகளில் ஒரு நல்ல சிறுகதையின் அமைப்பு உள்ளது இதுதான். மார்பகப் புற்று கட்டாயம் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள் ஒரு பக்கம். சிஎஸ்எஃப்-1 இல்லாத, அதனால் மேக்ரோஃபேஜ்கள் குறைந்த எலிகள் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைசேர்த்து, புற்றும் வரும், மேக்ரோஃபேஜும் வராது என்ற எலிகளை உண்டாக்கினார்கள். பெருந்தீனிக்காரர்கள் காவலர்கள் என்றால், அவர்கள் இல்லாத வீட்டில் புற்று தலைவிரித்தாட வேண்டும். ஆடவில்லை. கட்டி வழக்கம்போலத் தோன்றியது, வழக்கம்போல வளர்ந்தது. ஆனால் சுற்றுத் திசுவைத் துளைத்துப் பரவும் நிலைக்குப் போவது தாமதமானது, நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. பிறகு அந்த எலிகளின் மார்பில் மட்டும் சிஎஸ்எஃப்-1ஐத் திரும்பச் சுரக்க வைத்தார்கள். மேக்ரோஃபேஜ்கள் வந்தன. பரவலும் திரும்ப வந்தது.

எப்படி என்பதை அடுத்த ஆண்டுகளில் உயிருள்ள எலியின் கட்டிக்குள்ளேயே நுண்ணோக்கியால் பார்த்தார்கள். புற்று செல் சிஎஸ்எஃப்-1ஐச் சுரக்கிறது. அது மேக்ரோஃபேஜுக்கு, இங்கே வேலை இருக்கிறது வா என்ற அழைப்பு. வந்த மேக்ரோஃபேஜ் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது, எந்த வளரும் திசுவுக்கும் செய்வதுபோல. அது கிடைத்த புற்று செல் நகர்கிறது, நகர்ந்தபடி மறுபடி அழைக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் கொலாஜன் இழைகளின் வழியே ரத்தக் குழாய்வரை போகின்றன. ரத்தக் குழாயின் சுவரை ஒட்டி இருக்கும் மேக்ரோஃபேஜ், புற்று செல் உள்ளே நுழைய இடம் உண்டாக்கித் தருகிறது. மேக்ரோஃபேஜோடு கதை முடியவில்லை. உடலுக்குள் தேவையற்ற சண்டையை அடக்கிவைக்கும் ஒருவகை டி செல்கள் உண்டு. கர்ப்பத்தில் தாயின் உடல் குழந்தையை அந்நியமாகக் கருதித் தாக்காமல் காக்கிறவற்றில் அவையும் சேர்த்தி. அவை எப்படி இயங்குகின்றன என்று கண்டதற்காக 2025இல் மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் நோபல் கிடைத்தது. மார்பகக் கட்டிகளில் அவையும் சேருகின்றன. அமைதி, அமைதி என்று அங்கேயும் சொல்கின்றன.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் மூன்றாம் கீமோவுக்கு முந்தைய நாள் அக்காவிடம் சொன்னேன். "வேலியே பயிர மேஞ்சிருக்குக்கா." பழமொழி கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு ஒரு திருப்தி. உவமை ஆய்வாளர் அல்லவா.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப என் உடம்பு எனக்கே துரோகம் பண்ணிடுச்சுங்கிற."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பு சக்தி இல்லை என்ற பழியை எடுத்துவிட்டு அதைவிடக் கொடிய ஒன்றை வைத்திருக்கிறேன். அதோடு, உவமை தப்பும்கூட. வேலி பயிரை மேய்ந்தால் அது தன் வேலையை விட்டுவிட்டது என்று பொருள். இந்தச் செல்கள் எந்த வேலையையும் விடவில்லை. கட்டுவது, துப்புரவு செய்வது, காயம் ஆற்றுவது, அமைதிப்படுத்துவது என்று தங்களுக்குத் தெரிந்ததை, அழைத்த இடத்தில், அழைத்தது யார் என்று தெரியாமல் செய்திருக்கின்றன. நோயியலாளர் ஹெரால்ட் டுவோராக் 1986இல் புற்றுக்கட்டியை ஆறாத காயம் என்று அழைத்தது இதைத்தான். உடலுக்கு அது காயம்போலத் தெரிகிறது. காயத்துக்கு என்ன செய்யுமோ அதைச் செய்கிறது. செய்து முடிவதில்லை, அவ்வளவுதான்.

கிரேக்கர்கள் இந்த நோய்க்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். நாம் புற்று என்றோம். நண்டு தனியாகக் கவ்வும் பிராணி. புற்று ஒரு பிராணியே இல்லை, குடியிருப்பு. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்ததுபோல என்று சொல்வோம். கறையான் பாம்புக்காகக் கட்டவில்லை. இதை மறுநாள் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நரம்பில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. "இது பரவால்ல" என்றாள். பிறகு, "ஆனா பாம்பும் என்னோட செல்லுதானடி. வெளியிலேர்ந்தா வந்துச்சு?" என்றாள். கணக்கு ஆசிரியையிடம் உவமை சொல்வது கஷ்டம்.

சுற்றுப்புறம் இத்தனை வலிமையானது என்றால், நல்ல சுற்றுப்புறம் புற்றை அடக்கவும் செய்யுமா? டெஹ்ரானில் பிறந்து அமெரிக்கா சென்ற மினா பிஸெல் இந்தக் கேள்வியை மற்றவர்களுக்கு முன்பே கேட்டார். கோழிக்குப் புற்றை உண்டாக்குவது 1911இல் பெய்டன் ரூஸ் கண்டுபிடித்த வைரஸ். அதே வைரஸைக் கருவிலிருக்கும் குஞ்சில் செலுத்தினால் கட்டி வரவில்லை என்று 1984இல் பிஸெலின் ஆய்வகம் காட்டியது. வளர்ந்த கோழியின் ஒரு சிறகில் வைரஸைச் செலுத்தினால் அங்கே கட்டி வரும். மறு சிறகில் காயம் உண்டாக்கினால் அந்தக் காயத்திலும் கட்டி வரும். புற்றுக்கு மரபணுக் கோளாறு மட்டும் போதாது, இடம் வேண்டும் என்றார். கட்டியை மட்டுமே பார்த்துப் பழகியிருந்த துறை அவரை நம்ப வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1997இல் வலேரி வீவரோடு சேர்ந்து, மார்பகப் புற்று செல்களுக்கும் சுற்றுத் திசுவுக்கும் இடையிலான ஒரு தொடர்பை எதிர்ப்பொருளால் தடுத்தபோது, மரபணுக் கோளாறு அப்படியே இருக்க, அவை ஒழுங்கான செல்களைப்போல நடந்துகொண்டதை ஆய்வகத் தட்டில் காட்டினார்.

உடனே மருந்து வந்துவிடவில்லை. மேக்ரோஃபேஜ்களாக மாறும் செல்களை வரவழைக்கும் இன்னொரு அழைப்பு சிசிஎல்2. அதைத் தடுத்தால் எலிகளில் பரவல் குறைந்தது. ஆனால் தடுப்பதை நிறுத்தியதும் பரவல் முன்பைவிட மோசமானது என்று 2014இல் சுவிட்சர்லாந்தின் பாசலிலிருந்து வந்த ஆய்வு எச்சரித்தது. வேலைக்காரர்களை வாசலில் மறித்துவிட்டுத் திடீரென்று கதவைத் திறந்தால் கூட்டம் மொத்தமாக உள்ளே வரும். எலி பெண் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வேறொரு வழியில் பலன் கிடைத்தது. டி செல்களில் பிடி-1 என்று ஒரு நிறுத்துவிசை உண்டு. ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹொஞ்சோவின் ஆய்வகம் 1992இல் கண்டது. கட்டியும், கட்டிக்குள் இருக்கும் மேக்ரோஃபேஜ்களும் அந்த விசையை அழுத்துகின்றன. டி செல் அருகிலேயே நின்றும் கை கட்டிக்கொண்டிருக்கிறது. விசையை அழுத்த விடாமல் செய்யும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்த்துத் தர, ஆபத்து மிகுந்த தொடக்கநிலை மும்மை எதிர்மறை வகை மார்பகப் புற்றுக்கு 2021 ஜூலையில் அமெரிக்கா அனுமதித்தது. ஐந்தாண்டு உயிர் பிழைத்தவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 81.7 சதவீதம், இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் 86.6. ஹார்மோன் மருந்துக்கும் ஹெர்2 மருந்துக்கும் பிடிகொடுக்காத வகை இது. மேற்கு நாடுகளைவிட இந்தியப் பெண்களில் இதன் பங்கு அதிகம். அக்காவுக்கு வந்ததும் இதுதான்.

மருத்துவர் மருந்தின் பெயரைச் சொன்னார், விலையையும் சொன்னார். ஒரு தவணைக்கு அக்காவின் பல மாதச் சம்பளம். அப்படிப் பல தவணைகள். "வேண்டாம்" என்று அக்கா சொன்ன வேகத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. யாருக்காக வேண்டாம் என்றாள்? அவள் மகனுக்குக் கல்லூரியின் முதல் ஆண்டுக் கட்டணம் அந்த மாதம்தான் கட்டியிருந்தோம். கடைசியில் சாப்பிடும் பழக்கம் சாப்பாட்டோடு நிற்பதில்லை. இது புற்றுக்குக் காரணமில்லை என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். சிகிச்சையில் அதற்கு விலை உண்டு என்பதையும் எழுதத்தான் வேண்டும். அக்கா கீமோ, அறுவை, கதிர்வீச்சு மூன்றையும் முடித்தாள். கட்டி சுருங்கியதால் மார்பை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அக்குளில் சில முடிச்சுகளை மட்டும் எடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு நானும் கூடப் போகிறேன்.

அந்தப் பத்து சதவீதத்தைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிட்டேன். இந்த வகைப் புற்றில் லிம்போசைட்டுகள் நிறைய இருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. பத்து குறைவுதான். ஆனால் அது அவள் உடம்பு வாங்கிய மதிப்பெண் இல்லை. கட்டி எத்தனை பேரை உள்ளே விட்டது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. "வினாத்தாளே தப்புங்கிற" என்றாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து, இரண்டு இடத்தில் ஆண்டுகளைச் சரிபார்க்கச் சொன்னாள். "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டினேன். எலி, கோழி, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் அம்மா பொறுமையாகக் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நடுவில் எப்போதோ நின்றிருந்தது. முடித்தபின் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டாள்.

"அப்ப, நான் பழக்கிவிட்ட விரதத்தால வரலதானே?"

"இல்லம்மா" என்றேன்.